மூன்றாவது மணிக்கு முன்

பொந்தியானில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்த முதியோர் இல்லத்தின் வாசலில் ஹேமநாதன் காரை நிறுத்தியபோது பிற்பகலே இருட்டிக்கொண்டு வந்தது. நல்ல மழை. வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. உள்ளே டெட்டால் வாடை; அதற்கு அடியில் உப்புக் காற்றில் ஊறிப்போன பலகையின் வாடை. தெப்ராவிலுள்ள தன் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் அவன் இந்த இல்லத்து ஆட்களைத் திட்டிக்கொண்டேதான் வந்தான். சிங்கப்பூரில் பெரிய பெரிய கணினிகளைக் கட்டி மேய்க்கிறவன் அவன். இங்கே இருப்பதோ ஒரு மணியைக்கூட ஒழுங்காக அடிக்கவைக்கத் துப்பில்லாத கூட்டம்.

அவன் அம்மா வெள்ளையம்மா இங்கேதான் ஆறாம் கட்டிலில் கிடக்கிறாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையில் மிஞ்சியிருக்கும் பலத்துக்குக் கட்டில் மணியை ஒரே ஒரு தடவை அழுத்தலாம். பிறகு கை சோர்ந்து விழுந்துவிடும். போன வாரம் அப்படி அழுத்தியிருக்கிறாள். யாரும் வரவில்லை. தானே இறங்கப் பார்த்து விழுந்ததில் நெற்றியில் தையல்.

"மூணு தடவ அழுத்தினாத்தான் தம்பி பெல் வேலை செய்யும். இத மாட்டிக் குடுத்த யுகேன் அப்படித்தான் செஞ்சு வெச்சிட்டுப் போனாரு," என்றாள் தலைமைத் தாதி தனலெட்சுமி.

"கோயில் மணின்னு நெனச்சிட்டாரா உங்க யுகேன்? இப்ப எங்க அந்த ஆளு?"

"ஊர்ல, ஆயர் ஈத்தாம்ல இருக்காரு. போன் அடிச்சாலும் மூணாவது தடவதான் எடுப்பாரு."

ஹேமநாதனுக்குச் சிரிப்பு வந்தது. தாதி சிரிக்கவில்லை.

தாதியின் மேசையடியில் இருந்த சின்னக் கணினியைத் திறந்து பார்த்தான். இது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. எல்லாக் கட்டில் மணியும் வந்து சேரும் மணிப் பெட்டியைச் செய்த கம்பெனி, அதோடு பேச சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரியை, அதாவது ஒரு நிரல் தொகுப்பை, கூடவே கொடுத்திருந்தது. யுகேன் என்கிற யுகேந்திரன் எழுதிய நிரலோ பைத்தான் மொழியில். இதன் பாஷை அதற்குப் புரியாது. அதனால் நடுவில் தரகன் மாதிரி ஒரு பைண்டிங். யாராவது மணியை அழுத்தினால் லைப்ரரி அந்தத் தரகன் வழியாக நிரலைக் கூப்பிடும். நிரல் ஒலிபெருக்கியில் பதில் சொல்லி, தாதியின் மேசையில் மணியடித்து அந்தக் கட்டிலின் விளக்கை எரியவிடும்.

முதல் கோளாறு கண்ணில் பட்டது. நிரலில் எந்த இடத்தைக் கூப்பிட வேண்டும் என்று லைப்ரரியிடம் சொல்லிவிட்டு, அந்த இடத்தைக் கையில் பிடித்து வைக்காமல் விட்டிருந்தான் யுகேந்திரன். கேட்பாரற்றுக் கிடந்ததைப் பைத்தான் குப்பையோடு கூட்டித் தள்ளியது. சில சமயம் லைப்ரரி கூப்பிடும்போது அங்கே வீடே இல்லை; நிரல் பொத்தென்று செத்து விழுந்தது. 'பிள்ளையைப் பெத்துட்டுப் பேர் வைக்க மறந்திருக்கான் மடையன்' என்று முனகிக்கொண்டே அதற்கொரு பெயர் வைத்துச் சரிசெய்தான்.

இரண்டாவதாகக் கண்ணில் பட்டது கோளாறு இல்லை, வேண்டுமென்றே எழுதியது. அடுத்தடுத்து வரும் கூப்பாட்டில் முதல் இரண்டையும் நிரல் காதில் வாங்கியும் பதில் சொல்லாமல் இருக்கும்.

"அத மட்டும் எடுக்காதீங்க தம்பி," தாதியின் குரல் தணிந்தது. "ஒத்தையா கூப்பிட்டா பதில் குடுக்கக்கூடாது. மனுசன்னா திரும்பத் திரும்பக் கூப்பிடுவான். அது ஒரு தடவதான் கூப்பிடும்."

"எது?"

அவள் ஒலிபெருக்கியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

"கம்ப்யூட்டருக்குத் தாயத்துக் கட்டி வெச்சிருக்கீங்க. எங்கம்மா மண்டை உடஞ்சது இதுக்குத்தானா? அலமாக், கடவுளே!"

அந்த வரிகளை அழித்தான். பதில் சொல்லும் குரலும் யுகேந்திரனுடையதுதான். அந்தக் குரலைக் கேட்கவே எரிச்சலாக இருந்தது. அதையும் அழித்துவிட்டு, கைப்பேசியில் தன் குரலைப் பதிவுசெய்து போட்டான்: "இதோ வரேன்மா."

அம்மாவிடம் போய் அழுத்தச் சொன்னான். அவள் ஒரு தடவை அழுத்தினாள். ஆறாம் விளக்கு எரிந்தது. மகனின் குரல் கேட்டதும் கோணிய வாயோடு சிரித்தாள். இவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் ஒரு பயம் என்று நினைத்தபடி அவன் மேசைக்குத் திரும்பி வந்தான்.

மேசையில் ஒன்பதாம் விளக்கு எரிந்தது.

"இதோ வரேன்மா," என்றது அவன் குரல்.

போய் ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஒன்பதாம் அறையில் கட்டிலே இல்லை. உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். சுவரில் ஒயரின் நுனி டேப் சுற்றித் தொங்கியது. ஈரப் பலகை வாடை அங்கே மூக்கை அடைத்தது. நிரல் கட்டில் எண்ணைத் தப்பாகப் படிக்கிறது, வேறென்ன என்று திரும்பினான்.

மறுபடியும் ஒன்பது. மறுபடியும் அவன் குரல்.

பைத்தானை நிறுத்திவிட்டு, கம்பெனிக்காரன் கொடுத்திருந்த சோதனை நிரலை ஓட்டிப் பார்த்தான். அது லைப்ரரியோடு நேராகப் பேசும், தரகன் தேவையில்லை. அதில் ஒரு கூப்பாடும் இல்லை. பைத்தானைத் திரும்ப ஓட்டினான். ஒன்பது எரிந்தது. மணிப் பெட்டியின் கேபிளையே பிடுங்கினான்.

ஒன்பது எரிந்தது.

யாரும் கூப்பிடவில்லை என்கிறது லைப்ரரி. கூப்பிட்டார்கள் என்கிறது நிரல். அப்படியானால் கூப்பிடுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஹேமநாதன் கையில் பிடித்திருந்த கேபிளின் நுனியைத் திருப்பிப் பார்த்தான்.

"பதில் சொல்லிட்டீங்களே தம்பி," என்று தாதி கிசுகிசுத்தாள்.

அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தாதியின் முன்னால் பயப்படுவதைவிடச் செத்துப்போகலாம். அழித்த மூன்று தடவைக் கணக்கைத் திரும்ப வைத்தால் மணி அடங்கிவிடும்; ஆனால் அம்மாவால் மூன்று தடவை அழுத்த முடியாது. மறுபடியும் விழுவாள். அடுத்த தடவை தையலோடு போகாது. யோசித்தான். வழி கிடைத்தது. ஆறாம் கட்டிலுக்கு மட்டும் ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று.

ஒன்பது அணைந்தது. காத்திருந்தான். எரியவில்லை.

"பேயாவது பிசாசாவது! ஒரே ஒரு 'இஃப்' கண்டிஷன் போட்டேன், வாலச் சுருட்டிக்கிச்சு, பாத்தீங்களா?"

கேபிளைத் திரும்பச் சொருகிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அம்மாவிடம் போனான். விளக்கைப் போடவேண்டிய அளவுக்கு அறை இருண்டிருந்தது. போடவில்லை. மெத்தையில் கிடந்த மணி சுவிட்சைத் தலைமாட்டுக் கொக்கியில் மாட்டிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டான். சில்லென்று இருந்தன.

"இனிமே பயமில்லம்மா. ஒரு தடவ அழுத்துனா போதும்."

அவள் தலையசைத்தாள். மழைச் சத்தம் குறைந்தது. எங்கிருந்தோ ஈரப் பலகை வாடை வந்தது.

மேசையில் மணி அடித்தது.

ஒரு தடவை.

இரண்டாவதுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். அது அடிக்கவில்லை.

"தம்பி," வராந்தாவிலிருந்து தாதி கூப்பிட்டாள். "ஆறு எரியுது."

அம்மாவின் கைகள் இரண்டும் அவன் பிடியில்தான் இருந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை.

தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது. அவன் குரல்தான், பாசமாக, தெளிவாக.

"இதோ வரேன்மா."

அம்மா மெல்லத் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"யாருக்குப்பா வரேன்னு சொன்ன?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். தலைமாட்டுக் கொக்கியில், அவர்கள் இருவர் கையும் எட்டாத உயரத்தில் தொங்கிய மணி சுவிட்சு, உள்ளே அமுங்கியபடியே இருந்தது.