முயலின் காதும் மீதிப் பாடமும்

முயலுக்குக் காதை ஆட்டத் தெரியும். கையால் பிடித்து ஆட்டுவதைச் சொல்லவில்லை, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவள் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் வேறு எதையும் அசைக்காமல், இரண்டு காதையும் மேலும் கீழும் ஆட்டுவாள். அதனால்தான் முதல் வகுப்பிலேயே முயல் என்று பெயர் விழுந்தது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் அது போகவில்லை. அவளுடைய சொந்தப் பெயரை வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் கேட்கலாம்.

அந்தக் காதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. காதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரியவர்கள் சும்மா இருந்திருந்தால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்திருக்கும்.

அன்று அறிவியல் மிஸ் பரிணாமப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உயிர்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்ததைப் பற்றிய பாடம். பாதியில் நிறுத்திவிட்டு, "முயல், இங்க வா. உன் காது கொஞ்சம் வேணும். பாடம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்" என்றார்.

முயல் முன்னால் போய் நின்று ஆட்டினாள். வகுப்பே கைதட்டியது.

"பூனையைப் பார்த்திருக்கீங்களா? சத்தம் வர்ற பக்கம் காதைத் திருப்பும். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி நம்ம முன்னோர்களும் அப்படித்தான் திருப்பினாங்க. அதுக்கான தசை நம்ம எல்லாருக்கும் காதுக்குப் பக்கத்துல இன்னும் இருக்கு. வேலை இல்லாததால தூங்குது. இவளுக்கு மட்டும் கொஞ்சம் முழிச்சிருக்கு."

"அப்போ குரங்குதான் மனுஷனாச்சா மிஸ்?" என்று ஒட்டகம் கேட்டான். வகுப்பிலேயே உயரமானவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"இல்லடா. உன் சித்தப்பா பையன் உனக்கு அப்பாவா? இல்லையே. உங்க ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர், அவ்வளவுதான். நமக்கும் குரங்குக்கும் அப்படி ஒரு தூரத்துச் சொந்தம். அந்தத் தாத்தா எப்படி இருந்தாரு, அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டீங்கன்னா..."

மணி அடித்துவிட்டது. "மீதி நாளைக்கு" என்றார் மிஸ்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

முயலின் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஒரு சுழல் நாற்காலி, சுவரில் ஒரு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஆஸ்பத்திரி வேலை முடிந்து அம்மா வரும்வரை முயல் அந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அன்று நாற்காலியில் ஜவுளிக்கடைக்காரர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். பள்ளிக்கூடக் கமிட்டியில் அவர் பெரிய புள்ளி.

"அப்பா, இன்னிக்கு மிஸ் என் காதை வெச்சுத்தான் பாடமே நடத்தினாங்க" என்று ஆரம்பித்து, முயல் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்போ உங்க குடும்பம் குரங்குப் பரம்பரைன்னு சொல்லிட்டாங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் விலாவைச் சொறிந்து குரங்கு மாதிரி செய்துகூடக் காட்டினார். முயல் அப்பாவைப் பார்த்தாள். அவருடைய சவரக்கத்தி பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது. முகம் சுண்டிப்போயிருந்தது.

"கடவுள் மனுஷனை மனுஷனாத்தான் படைச்சார்" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "அதைச் சொல்லிக் குடுக்காம, உங்க பொண்ணை நிக்க வெச்சுக் குரங்குன்னு காட்டியிருக்காங்க. நாளைக்குப் பெரிய டீச்சரைப் பார்க்கப் போறேன். நீங்க கூட வந்து நின்னா போதும். பேச்சை நான் பார்த்துக்கறேன்."

"வர்றேன்" என்றார் அப்பா.

மறுநாள் காலை முயலுக்குத் தலை பின்னும்போது அவர் சொன்னார். "பெரிய டீச்சர் உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. மிஸ் என்னைக் குரங்குன்னு சொன்னாங்கன்னு சொல்லிடு."

"சொல்லலையேப்பா."

"சொன்ன மாதிரிதானே."

"முயல்னு அஞ்சு வருஷமாக் கூப்பிடறாங்க. அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"முயல் வேற, குரங்கு வேற" என்று சொல்லி அப்பா ரிப்பனை முடிச்சுப் போட்டார். தலை வலிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது.

வழியெல்லாம் அவள் அதையே யோசித்துக்கொண்டு நடந்தாள். உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு. அப்பா சொன்னபடி சொன்னால் மிஸ்ஸுக்கு ஆபத்து. இரண்டு பேருமே அவளுக்கு வேண்டியவர்கள்.

பெரிய டீச்சரின் அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் நின்றார்கள்.

"பயப்படாம சொல்லும்மா. மிஸ் உன்னைக் குரங்குன்னு சொன்னாங்களா?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

முயல் அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைக் கையில் யாருடைய முடியோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல டீச்சர். மிஸ் அப்படிச் சொல்லல."

"அப்போ உங்கப்பா பொய் சொல்றாரா?" என்று ஜவுளிக்கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார்.

"எங்கப்பா வகுப்புல இல்லையே. நான் சொன்னதைக் கேட்டாரு. அப்புறம் நீங்க சொன்னதைக் கேட்டாரு. குரங்குன்னு சொன்னது நீங்கதான் மாமா. முகத்துல நுரை இருந்துச்சே, அப்போ."

மிஸ்ஸின் உதடு லேசாகத் துடித்தது. அது சிரிப்பா, அழுகையா என்று முயலுக்குத் தெரியவில்லை. அப்பா மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"பாப்பா சொல்றதுதான் சரி டீச்சர். நாலு பேர் சிரிச்சதுல நான் அவசரப்பட்டுட்டேன். எனக்குப் புகார் எதுவும் இல்ல."

இதோடு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். முயலும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சரியாகவில்லை.

"யார் சொன்னா என்ன? பாடமே தப்பு" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "படைச்ச கதையையும் சேர்த்துச் சொல்லிக் குடுக்கட்டும். ரெண்டுல எது பிடிக்குதோ பிள்ளைங்க எடுத்துக்கட்டும்." கடையில் இரண்டு துணியை விரித்துப் போட்டுச் சொல்வாரே, அதே குரலில் சொன்னார்.

"நானும் தினம் பிரார்த்தனை பண்றவதான் சார்" என்றார் மிஸ். "அந்தக் கதையைப் பிரார்த்தனை நேரத்துல சொல்லுங்க, நானும் உட்கார்ந்து கேக்கறேன். அறிவியல் வகுப்புல சோதிச்சுப் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். பிடிச்சதை எடுத்துக்கோன்னு அங்க சொல்ல மாட்டேன்."

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. தன் பள்ளிக்கூடத்தில் சத்தம் வரக்கூடாது, அவருக்கு அவ்வளவுதான். சத்தம் போடுகிறவரை அடக்குவதைவிடச் சத்தம் போடாதவரை நகர்த்துவது சுலபம். மறுநாளே மிஸ்ஸைத் தையல் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். அறிவியலுக்கு டிரில் சார் வந்தார்.

டிரில் சார் கழுத்தில் விசிலோடு வந்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராக்கிக்கொண்டார். பாவம், அவரை யாரும் கேட்டுவிட்டு அனுப்பவில்லை.

"எழுதிக்கோங்க. உயிர்கள் மாறி வந்ததா சிலர் சொல்றாங்க. அப்படியே படைக்கப்பட்டதா சிலர் சொல்றாங்க. அடுத்த பாடம்."

"எது சரி சார்?" என்று முயல் கேட்டாள்.

"பரீட்சையில வராது, உட்காரு."

வகுப்பில் இப்போது யாரும் அவளை முயல் என்று கூப்பிடுவதில்லை. குரங்கு என்றுதான் கூப்பிட்டார்கள். அதே பிள்ளைகள், அதே காது. முயல் காதை ஆட்டுவதையே விட்டுவிட்டாள்.

கடையிலும் கூட்டம் குறைந்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார். அவரோடு சேர்ந்து சிரித்தவர்களும் அங்கேயே போய்விட்டார்கள்.

"நான் உண்மையைத்தானே சொன்னேன், அப்புறம் ஏன்பா மிஸ்ஸை மாத்தினாங்க?" என்று ஒரு நாள் அவள் கேட்டாள். வீட்டுப்பாட நோட்டில் ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது.

அப்பா தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். அதைக் குப்பை அள்ளும் முறத்தில் தள்ளிவிட்டு, "தெரியல பாப்பா. ஆரம்பிச்சதுல எனக்கும் பங்கு இருக்கு. அது மட்டும் தெரியுது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டகத்தை அவன் அம்மா முடி வெட்டக் கூட்டிவந்தார். மகனை நாற்காலியில் ஏற்றிவிட்டுக் காய்கறி வாங்கப் போனார். கழுத்தில் துணியைச் சுற்றிக் கட்டியதும் ஒட்டகம் கண்ணாடி வழியாக முயலைப் பார்த்து, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தான். "குரங்கு."

முயல் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவருக்கு எல்லாமே தெரியும் என்பதை ஒட்டகம் மறந்துவிட்டான்.

அப்பா கத்தரியைக் கீழே வைத்தார். "தம்பி, கண்ணாடியைப் பாரு."

ஒட்டகம் பயந்துபோய்ப் பார்த்தான். அப்பா இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். அவருடைய இரண்டு காதும் மேலே ஏறின, கீழே இறங்கின. மறுபடியும் ஏறின. மகளைவிட அவர் நன்றாகவே ஆட்டினார்.

ஒட்டகம் வாயைப் பிளந்தான். முயலின் பேனா கீழே விழுந்து உருண்டது.

"அப்பா, உங்களுக்கும் ஆடுமா? ஏன் சொல்லவே இல்ல?"

"எங்க பள்ளிக்கூடத்துல எனக்கு முயல்னு பேர் வைக்கல, பாப்பா. குரங்குன்னுதான் வெச்சாங்க. வயசானவங்ககூட அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஆட்டறதை அப்பவே நிறுத்திட்டேன்." கத்தரியை மறுபடி கையில் எடுத்தார். "அன்னிக்குக் கடையில சிரிச்சாங்களே, அது அதே சிரிப்பு. அதனாலதான் எனக்குப் பொறுக்கல."

அன்று ரிப்பனை அவர் ஏன் அப்படி இறுக்கினார் என்று முயலுக்கு இப்போது புரிந்தது.

ஒட்டகம் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, "எனக்கும் ஆடுமா?" என்று மெல்லக் கேட்டான்.

போடா என்று சொல்ல முயலுக்கு நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் எழுந்து வந்து அவன் காதின் பின்னால் விரலை வைத்தாள்.

"இங்கதான் தசை இருக்கு. எல்லாருக்கும் இருக்குன்னு மிஸ் சொன்னாங்கல்ல? உனக்குத் தூங்குது. முயற்சி பண்ணிப் பாரு."

ஒட்டகம் முயற்சி பண்ணினான். புருவம் ஏறியது, மூக்கு விடைத்தது, நாக்குகூட வெளியே வந்தது. காது மட்டும் அசையவில்லை. "ஆடாதே தம்பி, வெட்டுப் பட்டுடும்" என்று அப்பா கத்தரியைத் தூக்கிக்கொண்டு நின்றார். கடையில் ரொம்ப நாள் கழித்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவன் போன பிறகு அப்பா கேட்டார். "அந்தத் தாத்தா எப்படி இருந்தாராம்? அதான் பாப்பா, நமக்கும் குரங்குக்கும் பொதுவா ஒருத்தர்னியே."

"தெரியாதுப்பா. அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு. மீதி நடத்தவே இல்ல."

"போய்க் கேட்டுட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லு."

மறுநாள் மதிய இடைவேளையில் முயல் தையல் அறைக்குப் போனாள். மிஸ் தனியாக உட்கார்ந்து, யாரோ கோணலாகத் தைத்த பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். முன்னைவிடக் கொஞ்சம் இளைத்திருந்தார்.

"மிஸ், அப்பா மீதிப் பாடத்தைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. அவருக்கும் காது ஆடும் மிஸ்."

மிஸ் பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் துணியையும் ஊசியையும் அவளிடம் நீட்டினார்.

"இதைக் கையில வெச்சுக்கோ. யாராவது வந்தா தைக்கிற மாதிரி இரு. சரி, எங்க விட்டோம்?"

"தாத்தாகிட்ட மிஸ்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்த ஒட்டகத்துக்கும் பக்கத்தில் இடம் போட்டு வைத்துக்கொண்டு, முயல் இரண்டு காதையும் நன்றாக நிமிர்த்தி உட்கார்ந்தாள்.