உயிரோடு இருப்பவருக்கு ஒரு வீரவணக்கம்

செத்துப்போனவன் பேனர் கடை வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

நிர்மலா கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்துவிட்டாள். வெளியே கள்ளக்குறிச்சி முழுக்க மழை... அவளுக்கு மட்டும் வியர்த்தது. அதே அகன்ற நெற்றி. அதே மீசை. காலையில்தான் அந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, மேலே ‘வீரவணக்கம்’ என்று போட்டு பிரிண்ட் எடுத்தாள். ஃப்ளெக்ஸ் இன்னும் சுவரில் காய்ந்துகொண்டிருக்கிறது.

அவனும் அதைப் பார்த்துவிட்டான்.

“ஏங்க... இன்னாங்க இது? நான் எப்பங்க செத்தேன்?”

“நீங்க... கொளஞ்சியப்பனா?”

“இந்தக் கடைக்குள்ள வர்ற வரைக்கும் அப்டித்தாங்க நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. ரோஷம்தான் முந்திக்கொண்டது.

“தப்பு உங்க மேலதாங்க! ‘ராணுவ வீரர் புதன்கிழமை ஊர் வருகிறார், பேனர் வேண்டும்’னு மெசேஜ் வந்தா நான் இன்னான்னு நெனக்கிறது? போன் போட்டா எடுக்கல.”

“ரயில்ல சிக்னல் இல்லீங்க.”

“ரிட்டயர்டாயி வர்றவங்க பேனர்னா கீழ மாமன், மச்சான், பங்காளின்னு எடம் பத்தாம பேரு இருக்கும். இதுல ஒரு பேருகூட இல்ல. பாவம், அழுவுற வூடு... பேரு குடுக்கவா தோணும்னு நானே நெனச்சிக்கினேன்.”

அவன் மீசையில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

“பேரு குடுக்க யாரும் இல்லீங்க...” என்றான் கடைசியில். “அம்மா போயிட்டாங்க. எல்லையில பனி வுழுந்து ரோடு மூடிக்கிச்சி, நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. என்கூட ரிட்டயர்டானவங்களுக்கெல்லாம் ஊர்ல மேளம், பேனர். எங்க ஊரு கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப்புல நமக்கும் ஒண்ணு இருந்தா இன்னான்னு... அந்த மெசேஜ நானேதாங்க போட்டேன். சிரிக்காதீங்க.”

அவள் சிரிக்கவில்லை. ஊரில் நடக்கும் கல்யாணங்களுக்கெல்லாம் பேனர் செய்துவிட்டு, சாயங்காலம் பூட்டிய வீட்டைத் தானே திறந்து, தானே விளக்குப் போடுகிறவள் அவள். அவனுடைய வெட்கம் அவளுக்குப் புரிந்தது. அதைவிட அந்தக் கண்கள்... காலை முழுக்க அந்தக் கண்களைத்தான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஓர் ஆணை அப்படிப் பார்க்கலாமா என்று கேட்க அங்கே யாருமில்லை.

“உக்காருங்க. வேற போட்டுத் தரேன்.”

புது பேனர் வந்தது. ‘வருக வருக!’ அவன் படம். அதற்குக் கீழே, ‘நன்றியுடன், நிர்மலா.’

படித்ததும் அவன் முகம் இறுகியது.

“பரிதாபமாங்க?”

“ஐயோ, அப்டியெல்லாம் இல்லீங்க. நாட்டுக்காக இவ்ளோ வருஷம்...”

“ரயில்லயும் இதத்தாங்க சொன்னாங்க. கை குடுத்தாங்க, செல்ஃபி எடுத்தாங்க, அவங்கவங்க ஸ்டேஷன் வந்ததும் எறங்கிப் போய்க்கினே இருந்தாங்க. தப்பு சொல்லல, நல்ல மனசுதான். ஆனா நன்றிய வெச்சிக்கினு தனியா ஒரு வூட்டுல இருக்க முடியாதுங்க. சென்னையில செக்யூரிட்டி வேலைக்குக் கூப்புட்டிருக்காங்க. நான் ஊருக்கே போவல... இப்டியே கெளம்பறேன்.”

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான்.

போகட்டும்... ரொம்பத்தான் திமிர்! நிர்மலா மவுஸைப் பிடித்தாள். அடுத்து ஒரு காதுகுத்து பேனர். குழந்தையின் முகம் திரையில் வந்தது. ஒன்றும் ஓடவில்லை. சென்னை பஸ் ஏறிவிட்டால் அவனை மறுபடி எங்கே போய்ப் பார்ப்பது? எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவன் படியில் ஒரு கால் வைத்திருந்தான்.

“ஏங்க...!”

திரும்பினான். தலையிலிருந்து பாதம் வரை நனைந்து நின்றாள் அவள்.

“அந்த பேனர் எனக்கு வேணாங்க...”

“அத எடுத்துக்கினு வர்லீங்க.” மூச்சு வாங்கியது. “நன்றின்னு எழுதனது பொய்ங்க. வேற இன்னா எழுதறதுன்னு எனக்குத் தெரியல. காலையில நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சி அழுதேன். நாட்டுக்காக உசுர வுட்டவருன்னு இல்ல... இந்தக் கண்ண ஒருவாட்டிகூட நேர்ல பாக்காம போச்சேன்னு அழுதேன். பைத்தியம்னு நெனச்சாலும் பரவால்ல.”

“ஏம்ப்பா, வர்றியா இல்லியா?” என்று கண்டக்டர் கத்தினார்.

“போவாதீங்க...” என்றாள் நிர்மலா. “உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. போவாதீங்க.”

அவன் படியிலிருந்து காலை எடுத்தான். பெட்டியை மழைத்தண்ணீரிலேயே இறக்கி வைத்தான். பஸ் நகர்ந்து போனது. அவன் கண்களும் நனைந்திருந்தன.

“ஒவ்வொரு லீவு முடிஞ்சி கெளம்பறப்பவும் எங்கம்மா ‘போவாதடா’ன்னுதாங்க சொல்லும்...” என்றான். “அம்மாவுக்கப்புறம் நீங்கதாங்க சொல்றீங்க.”