கை தட்டாமல் திறந்த கதவு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பட்டப்பகலில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வந்துபோய்ச் சில வருஷம் கழித்து, சென்னையிலிருந்து வந்த சுற்றுலாக் கப்பல் ஒன்று புதுச்சேரிக்கு வெளியே கடலில் நின்றது. ஊர் பார்க்க வந்தவர்களைப் படகில் கரையிறக்கினார்கள். சாயங்காலம் அதே படகில் திரும்ப வேண்டும். புதிதாகக் கல்யாணமான சிவசங்கரியும் அவள் புருஷன் வெற்றிச்செல்வனும் அதில் வந்தார்கள்.

கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர்த் தெருக்கள் எல்லாம் சுற்றிவிட்டு, குருசுக்குப்பத்தில் லட்சுமி வீட்டுக்குப் போனார்கள். சிவசங்கரியோடு பள்ளியில் படித்தவள் லட்சுமி.

அன்று லட்சுமியின் புருஷன் சாமிக்கண்ணுவுக்குப் படையல். கடலுக்குப் போனவன், உடல்கூடக் கிடைக்கவில்லை. அறையில் இலை போட்டு, அவனுக்குப் பிடித்த வஞ்சிரக் குழம்பு வைத்து, கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்தியிருந்தாள். இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று சாத்துகிற கதவு அது. கை தட்டி, அவர் எழுந்து போக நேரம் கொடுத்துத்தான் திறப்பார்கள். மற்றவர்களுக்குச் சாப்பாடு அதற்கப்புறம்தான்.

"படகு போயிடும்டி," என்றாள் சிவசங்கரி.

"செத்த பொறுடி. அவரு மெதுவாத்தான் சாப்புடுவாரு."

வெற்றிச்செல்வன் சிரித்தான். "அவரு பங்கையும் நானே சாப்புட்டுடறேன் தங்கச்சி. வயிறு கத்துது."

"வாணாம்ணே! கையத் தட்டிட்டு..."

அவன் கதவைத் தள்ளிவிட்டான்.

உள்ளிருந்து ஈரக்காற்று வந்தது. கடல்பாசி வாடை.

இலையில் சோறு பாதிதான் இருந்தது.

ஓரத்தில் பிசைந்த கவளம் ஒன்று. விரல் பதிந்தது பதிந்தபடி.

"அவரு இன்னும் எழுந்திருக்கலடி," என்றாள் லட்சுமி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

சாப்பிடாமலே கிளம்பினார்கள். படகு நகர்ந்த பிறகு லட்சுமி அந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டு கரையில் ஓடிவந்தாள். என்னவோ கத்தினாள். அலையில் ஒன்றும் கேட்கவில்லை.

கப்பலில் சாப்பிட உட்கார்ந்த வெற்றிச்செல்வன் எழவே இல்லை. தட்டுத் தட்டாகத் தின்றான்.

"போதுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பசி அடங்கல புள்ள."

அவன் அவளை ஒருநாளும் 'புள்ள' என்று கூப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வைத்தியம் பார்த்தார்கள். வீராம்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். குருசுக்குப்பத்தில் லட்சுமி மறுபடி சாமிக்கண்ணுவுக்கு இலை போட்டாள். அதை யாரும் தொடவில்லை. தின்னத் தின்ன வெற்றிச்செல்வன் எலும்பாகிக்கொண்டே போனான்.

ஒரு மத்தியானம் சோறு வைத்த சிவசங்கரியை நிமிர்ந்து பார்த்தான். முகம் அவனுடையது. குரல் அவனுடையது இல்லை.

"லட்சுமி, கதவச் சாத்திட்டுப் போ."

சிவசங்கரி சாத்தினாள். அழுதுகொண்டே காத்திருந்தாள். கை தட்டினாள். மறுபடியும் தட்டினாள். கதவைத் திறந்தாள்.

தரையெல்லாம் கடல் தண்ணீர். அறையில் ஆளில்லை.

அந்த அறையை இன்றுவரை பூட்டியே வைத்திருக்கிறாள். மத்தியானமானால் உள்ளே சோறு பிசையும் சத்தம் கேட்கிறது. ஒரு கை இல்லை, கண்ணுகளா. இரண்டு பேருடைய கை.

உங்கள் வீட்டு உலை என்றைக்கும் கொதிக்கட்டும். உங்கள் வீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வயிறு நிறைந்து எழுந்திருக்கட்டும்.