இடது பக்கம் இரண்டு தட்டு

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஜிம்மில் ஈ, காக்கை இருக்காது. அதனால்தான் அந்த நேரத்தைப் பிடித்தோம். பூட்டைத் திறந்து, நானும் என் தங்கை புருஷனும் மாடிக்கு ஏறினோம். பாதிப் படியிலேயே என் தொடை நடுங்கியது. ஆணழகன் போட்டிக்கு இன்னும் இரண்டே நாள். தோலடியில் நீர் வற்றித் தசை எடுப்பாகத் தெரிய, ஒரு வாரமாகச் சாப்பாட்டில் உப்பில்லை. முந்தின நாளிலிருந்து தண்ணீரும் நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான்.

"மெதுவா ஏறு மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "உருண்டு விழுந்தா உன் தங்கச்சிக்கு நான்தான் பதில் சொல்லணும்."

சிரித்தேன். காய்ந்த உதடு வெடித்து எரிந்தது.

மாடியில் ஒரே அறை, போஸ் பழகுவதற்கென்றே. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிரே வெறும் வெள்ளைச் சுவர், கதவோரம் ஒரு பெஞ்ச். வியர்க்க வேண்டும் என்பதால் ஃபேன் போட மாட்டோம், ஜன்னலும் திறக்க மாட்டோம். போன வருஷம் வரைக்கும் இங்கே மூன்று பேராகப் பழகினோம். மூன்றாவது ஆளுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தோம், தண்ணீரில்லாமல் அதிகம் தாக்குப்பிடிப்பவன் என்பதால். போட்டிக்கு முந்தின நாள், மேடைக்கான பழுப்புச் சாயத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, இதே அறையில் விழுந்து செத்துப்போனான். யாருக்கும் தெரியாமல் கண்ட மாத்திரையைத் தின்றிருக்கிறான் என்று மாப்பிள்ளை சொன்னான். நானும் நம்பினேன்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவன் என்னிடம் தண்ணீர் கேட்டான். "ஒரே ஒரு மடக்குடா," என்று கெஞ்சினான். கெஞ்சினாலும் கொடுக்காமல் பாட்டிலை ஒளித்து வைப்பதுதான் கூட இருப்பவனின் கடமை என்பது எங்கள் வழக்கம். அதைத்தான் நட்பு என்று நினைத்திருந்தோம். நான் அவன் பாட்டிலைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் ஒளித்து வைத்தேன்.

"ஃப்ரண்ட் டபுள் பைசெப்ஸ்!" மாப்பிள்ளை குரல் கொடுத்தான். கைகளைத் தூக்கி மடக்கினேன். "வயித்த உள்ள இழு. மூஞ்சியில வலி தெரியக் கூடாது. பிடி... பிடி... விடு. இப்ப முதுகு."

போஸ்களில் முதுகுதான் சிக்கல். மற்றதெல்லாம் கண்ணாடியில் தெரிந்துவிடும். முதுகைக் கண்ணாடிக்குக் காட்டினால் நம் முகம் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கும். எந்தத் தசை தளர்ந்திருக்கிறதோ அங்கே பின்னால் நிற்பவன் விரலால் தட்டுவான். தட்டிய இடத்தை இறுக்க வேண்டும். அதனால் நம்பிக்கையான ஆளைத்தான் பின்னால் நிறுத்துவோம். எனக்கு மாப்பிள்ளையைவிட நம்பிக்கையான ஆள் யார் இருக்கிறார்கள்? எனக்காக, தான் இந்த வருஷம் போட்டியிடவே போவதில்லை என்று சொன்னவன்.

சுவரைப் பார்த்துத் திரும்பி, கைகளைத் தூக்கினேன்.

இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், இரண்டு தட்டு.

விரல் சில்லென்று இருந்தது. இறுக்கினேன்.

"இப்ப சரியா மாப்ள?"

"என்னது சரியா?"

குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. திரும்பினேன். பத்தடி தள்ளி, பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நீ தட்டலயா?"

"நான் இன்னும் எந்திரிக்கவே இல்லயே! உனக்குத் தலை சுத்துது மச்சான். மாத்திரை நேரம் ஆச்சு, கீழ டப்பால இருக்கு. இரு, எடுத்துட்டு வரேன்."

தசைப்பிடிப்பு வராமலிருக்க வைட்டமின் என்று நான்கு நாட்களாக அவன்தான் வேளாவேளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் காலடிச் சத்தம் படிகளில் இறங்கித் தேய்ந்தது. அறையில் என் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகுதான் அந்த வாடை வந்தது. நமுத்துப்போன பிஸ்கட் போன்ற ஒரு புளிப்பு. மேடைச் சாயத்தின் வாடை. எங்கள் சாய பாட்டிலை நாங்கள் இன்னும் வாங்கவே இல்லை.

மறுபடியும் தட்டு. அதே இடம்.

இரண்டு.

"உன் இடது பக்கம் எப்பவும் தூங்குதுடா," என்று சொல்லிச் சொல்லி அங்கே தட்டுகிறவன் ஒருவன்தான் இருந்தான். எப்போதும் இரண்டு தட்டுத்தான் தட்டுவான்.

காதோரம் ஒரு காய்ந்த குரல்.

"தண்ணி."

அலறக்கூட எச்சில் இல்லை. திரும்பினேன். யாருமில்லை. கழுத்தை வளைத்துக் கண்ணாடியில் முதுகைப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே இரண்டு விரல் அடையாளம், பழுப்பாக, ஈரமாக. வெள்ளைச் சுவரில் ஒரு உள்ளங்கைத் தடம். அதற்கடுத்து இன்னொன்று. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தவனின் கைகள் கதவு வரை போயிருந்தன. பெஞ்சின் விளிம்பில் ஒன்று. கடைசியாக, மாப்பிள்ளையின் பை ஜிப்பில் ஒரு கட்டைவிரல்.

ஜிப்பைத் திறந்தேன். உள்ளே இந்த வருஷத்துப் போட்டியாளர் அட்டை. மாப்பிள்ளையின் பெயர், என்னுடைய எடைப் பிரிவு. அதற்கடியில் மெடிக்கல் ஷாப் கவர்கள் இரண்டு. புதிதாக இருந்ததில் 'மச்சானுக்கு' என்றும், கசங்கிப் பழசாகியிருந்ததில் 'ஒட்டகத்துக்கு' என்றும் எழுதியிருந்தது. இரண்டிலும் ஒரே மாத்திரை அட்டை. ஒட்டகம் செத்த அன்று டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்ன அதே பெயர். உடம்பிலிருக்கும் நீரையெல்லாம் பிழிந்து வெளியேற்றுகிற மாத்திரை. மாப்பிள்ளை எதையும் தூக்கிப் போடுகிறவன் அல்ல.

பேய்ப் பயம் அந்த நொடியே போய்விட்டது. இவன் கையில் என் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

"போடு மச்சான்." வாசலில் நின்றான். உள்ளங்கையில் மாத்திரை.

"ஒட்டகத்துக்கும் நீதான் குடுத்தியா?"

அவன் கண் பைக்குப் போய், திரும்பி வந்தது. "சோர்ந்து போவான்னுதான் நினைச்சேன். சாவான்னு நினைக்கல."

"சரி. நான் செத்துருவேன்னு தெரியும்ல?"

கேட்கக் கூடாத கேள்வியை நான்தான் கேட்டுவிட்டதைப் போல முகத்தைச் சுளித்தான். "எத்தனை வருஷந்தான் உன் பின்னாடியே நிக்கிறது?"

சொல்லி முடிக்கவில்லை, துள்ளினான்.

"யாரு?" பின்னால் திரும்பினான். மறுபடி துள்ளினான். என் இரண்டு கைகளும் அவனுக்கு முன்னால்தான் இருந்தன. "தட்டாத! தட்டாதடா!" மாத்திரை தரையில் உருண்டது. நான்கு நான்கு படியாகத் தாவி ஓடினான்.

நான் கவர்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிக் குழாயில் வாய் வைத்தேன். பிறகு ஆஸ்பத்திரி. இன்னும் இரண்டு வேளை போட்டிருந்தால் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்றார் டாக்டர்.

போட்டி முடிந்த மறுநாள் தங்கை பெட்டியோடு என் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடையில முதுகு காட்டுறப்பல்லாம் துள்ளித் துள்ளித் திரும்பினாராம். எறக்கி விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து குடம் குடமா தண்ணி குடிக்கிறாருண்ணா. தாகம் அடங்கவே மாட்டேங்குது. அங்க இருக்கவே பயமா இருக்கு." நான் நடந்ததைச் சொன்னேன். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு வைட்டமின்னு சொன்னாரு. அந்தக் கவர்ல மாத்திரையப் போட்டுக் குடுத்ததே நான்தாண்ணா." இரண்டு கவர்களும் இப்போது போலீஸிடம் இருக்கின்றன.

உடம்பு தேறியதும் ஒரு மதியம் தனியாக மாடிக்குப் போனேன். கண்ணாடி இடுக்கில் அவன் பாட்டில் அப்படியே இருந்தது. கழுவி, நிரப்பி, மூடி, கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோது தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. மூடியைச் சுற்றிலும் பழுப்பு விரல் அடையாளங்கள், வழுக்கி வழுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக. அப்போதுதான் உறைத்தது. சாயம் பூசிய கையால் மூடியைத் திருக முடியாது. கூட இருப்பவன்தான் திறந்து கொடுக்க வேண்டும்.

திறந்து வைத்தேன். "மன்னிச்சிருடா," என்றேன். திரும்பி நடந்தேன்.

பின்னால் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. படியிறங்கி, வாசலைப் பூட்டி, தெருவுக்கு வந்து நிற்கும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

அது ஒரு லிட்டர் பாட்டில்தான்.