அதிகாவல்

தினமும் பிற்பகல் மூன்றரைக்குக் கணவன் வேலை முடிந்து வந்ததும், முன்னறைக்குள் புகுந்த கடலை வெளியே தள்ளுவது பெர்பெத்துவின் பொறுப்பு. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல்மட்டத்துக்கு நாற்பது மீட்டர் கீழே அமைந்த பவளக்குடியிருப்பின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் இதுதான் வழக்கம். வேலைக்குப் போனவர் நீந்தி வந்து நீரறை என்கிற அந்த முன்னறைக்குள் நிற்பார். வெளிக்கதவு மூடிக்கொள்ளும். பம்பு தண்ணீரை இறைத்துத் தள்ளும். தரை தெரிந்ததும் உள்கதவு திறக்கும். வந்தவர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பார்.

இதையெல்லாம் நடத்துவது வீட்டுமதி. வீட்டுக்கு ஒன்றாகக் குடியிருப்பு அலுவலகம் கொடுத்திருந்த கணினி அது. காற்று, வெளிச்சம், கதவு, பம்பு எல்லாம் அதன் கையில். கூடத்துச் சுவரிலிருந்த திரையில் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்குப் பெர்பெத்து பொத்தானைத் தொட்டாள். பம்பு ஓடவில்லை. திரை முழுக்கச் சிவப்பானது.

'எச்சரிக்கை! உங்கள் வீட்டில் 83 நச்சுநிரல்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. தொற்று பரவாமலிருக்க நீரறையின் இரு கதவுகளும் பூட்டப்பட்டன. விரலை வைத்து வீட்டின் முழுச் சாவியை அதிகாவலிடம் ஒப்படைக்கவும்.'

முழுச் சாவி என்பது சாதாரணமில்லை. அதைக் கொடுத்துவிட்டால், அந்த வீட்டில் யார் மூச்சுவிடலாம், எவ்வளவு நேரம் விடலாம் என்பதுவரை வாங்கியவன் வைத்ததே சட்டம்.

"என்ன, தண்ணி எறங்கல?" ஒலிபெருக்கியில் கஸ்பாரின் குரல் கேட்டது. கடற்பாசி வயலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த குரல்.

"கதவு ரெண்டும் பூட்டிக்கிச்சு. அதிகாவல்னு ஒண்ணு என்னென்னமோ சொல்லுது. அது எப்ப நம்ம வீட்டுக்கு வந்துச்சு?"



"நேத்து ராத்திரி வந்துச்சு. வீட்டுக்கு ஆபத்து, ஒடனே அழுத்துங்கன்னு போட்டிருந்துச்சு. நீ தூங்கிட்ட. அழுத்திட்டேன்."

"தொட்டியில காத்து எவ்வளவு இருக்கு?"

"பதினாலு நிமிசம். விரல வச்சுடேன் பெர்பெத்து. அதுதான் சுத்தம் பண்ணித் தாரேங்குதே."

அவள் விரல் திரையருகே போய்விட்டது. அப்போதுதான் பட்டியலைப் பார்த்தாள். எண்பத்து மூன்று நச்சுநிரல்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஏழாவது வரியில், 'மேல்மாடி விளக்கு.'

பவளக்குடியிருப்பில் எந்த வீட்டுக்கும் மேல்மாடி கிடையாது. மேலே இருப்பது கடல்.

விரலை இழுத்துக்கொண்டாள். குடியிருப்பின் அறிவிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவள் அவள். போன வருடம் அலுவலகத்தில் இரண்டு நாள் கணினிப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. முதல் நாள் மதியத்துக்குமேல் தூங்கிவிட்டாள். விழித்திருந்தவரை கேட்டது இப்போது துண்டு துண்டாக ஞாபகத்துக்கு வந்தது. வீட்டோடு வந்த காப்புநிரல் வீடு முழுக்கச் சோதிக்கக் கால் மணி நேரம் எடுக்கும். இது நாலு வினாடியில் முடித்திருக்கிறது. உண்மையான காப்புநிரல் கதவைப் பூட்டிவைத்துக்கொண்டு பேரம் பேசாது. 'பிறகு பார்க்கலாம்' என்ற பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் சாவி கேட்கும் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது. வீட்டோடு வந்த காப்புநிரலைத் தேடினாள். அதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

அலுவலகத்துக்குப் பேசினாள். கண்காணிப்பாளர் சூசைமணி எடுத்தார்.

"உங்க வீட்லயுமா? மத்தியானத்துலருந்து இது ஒம்பதாவது வீடு. உதவி ஆளுக எல்லாம் வடக்கு வரிசையில நிக்காங்க. வர அரை மணி நேரம் ஆகும்."

"அவருக்குப் பதிமூணு நிமிசந்தான் சார் இருக்கு."

"சாவி குடுத்திராதீங்க. வடக்குல ஒருத்தர் குடுத்திட்டார், அதுக்கப்புறம் அவர் சொல்லு எதையும் வீடு கேக்கல. வலை வர்ற வெளிக்கம்பியப் புடுங்குங்க. வீட்டுமதிய வெறுநிலையில எழுப்புங்க. அதுல அவசியமான நிரல் மட்டுந்தான் ஓடும், இந்தச் சனியன் எந்திரிக்காது. ஆரம்பப் பட்டியல்லருந்து அது பேர அழிச்சிட்டு, போன வாரம் எடுத்து வச்ச மீட்புப்படியப் போடுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பதினோரு நிமிசம். அதுவரை பம்பு ஓடாது. பேச்சும் கேக்காது."

கஸ்பாரிடம் அதை அப்படியே சொன்னாள்.

"பதினொண்ணா? எனக்குப் பன்னெண்டரை காட்டுது."

"தெரியும்."

"சாவி குடுத்தா இப்பவே திறந்துரும்லா?"

"திறக்கும்னு அது சொல்லுது. மேல்மாடியில விளக்கு இருக்குன்னும் அதுதான் சொல்லுது."



"சரி. செய். நான் கதவத் தட்டிக்கிட்டே இருக்கேன். தட்டுறது கேட்டா நல்லா இருக்கேன்னு வச்சுக்க."

"தட்டாதீங்க, மூச்சு வாங்கும். நிமிசத்துக்கு ஒரு தட்டு போதும்."

அவள் வெளிக்கம்பியைப் பிடுங்கினாள். திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. 'அதிகாவலை நீக்கினால் நீரறையில் உள்ளவர் உயிரிழக்கலாம்.' அது சொன்னதிலேயே உண்மைக்கு நெருக்கமானது அந்த ஒன்றுதான். அதைப் படித்துக்கொண்டே வீட்டுமதியை அணைத்தாள்.

வெளிச்சம் போனது. காற்றுக்குழாயின் இரைச்சல் நின்றது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருநாளும் நிற்காத இரைச்சல் அது. கூடத்தில் இருக்கும் காற்று அவளுக்கு ஒரு பகல் முழுக்கப் போதும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் கணக்கு.

முதல் தட்டு கேட்டது. வெறுநிலையின் மங்கலான பச்சைத் திரை எழுந்தது. ஆரம்பப் பட்டியலில் நாற்பது பெயர்கள் இருந்தன. அதிகாவல் என்று ஒன்றுமே இல்லை. இரண்டாவது தட்டு. மறுபடி மேலிருந்து படித்தாள். 'மேல்மாடி விளக்குச் சீரமைப்பு' என்று ஒரு பெயர். அதை அழித்தாள். வீட்டோடு வந்த காப்புநிரலைத் திரும்ப இயக்கினாள். மீட்புப்படியைப் போட்டாள். மூன்றாவது தட்டு.

அதன்பிறகு செய்ய ஒன்றுமில்லை. திரையில் ஒரு கோடு வளர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். உள்கதவில் காதை வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவது தட்டு மெதுவாக விழுந்தது. எட்டுக்கு வெகுநேரம் காத்திருந்தாள். ஒன்பது வரவில்லை. அவள் இந்தப் பக்கத்திலிருந்து உள்ளங்கையால் அறைந்தாள். பதில் இல்லை. மறுபடி அறைந்தாள். இரும்பில் ஏதோ உரசுவதுபோல் கேட்டது. அது கையா, தொட்டியா, அவளுக்குத் தெரியவில்லை. கோட்டில் இன்னும் விரற்கடை அளவு மிச்சமிருந்தது.

வெளிச்சம் வந்தது. பம்பு இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. உள்கதவு திறந்தபோது எஞ்சிய தண்ணீரோடு சேர்ந்து கஸ்பாரும் கூடத்துக்குள் சரிந்தான். அவள் முகக்கவசத்தைப் பிய்த்து எடுத்தாள். அவன் வாயைத் திறந்து காற்றைக் குடித்தான்.

"செத்தாலும் இனி எதையும் அழுத்த மாட்டேன்," என்றான், பேச்சு வந்ததும். "மாதா மேல சத்தியம்."

அவனைத் துவட்டிப் படுக்கவைத்துவிட்டு அவள் திரைக்குத் திரும்பினாள். வெளிக்கம்பியைச் செருகியதும் திரையில் சூசைமணி வந்தார். அந்த நிரல் எல்லா வீட்டுக்குள்ளும் இருக்கிறதாம். இதுவரை சாவி கொடுக்காத வீடுகளை ஆறு மணிக்குப் பூட்டப்போகிறதாம். ஆறு மணி என்பது இரண்டாம் வேளை ஆட்கள் வீடு திரும்பும் நேரம். எல்லா நீரறைகளிலும் ஆள் நிற்கும். அலுவலகத்தில் ஒரு நீக்குநிரல் தயார் செய்துவிட்டார்கள். வீட்டில் இருப்பவர் ஒருதடவை அழுத்தினால் போதும், வீட்டுமதி அணைந்து எழுந்து பதினோரு நிமிடத்தில் வீடு சுத்தமாகிவிடும். அதை மக்களுக்குச் சொல்லவேண்டியது பெர்பெத்துவின் வேலை.

அவள் யோசித்து எழுதினாள். போலியை எப்படிக் கண்டுகொள்வது, நீக்கும்போது என்ன நடக்கும், நீரறையில் ஆள் இல்லாதபோது மட்டும் ஏன் அழுத்தவேண்டும் என்று ஏழு வரிகள். கறுப்பு எழுத்தில், நிதானமான தமிழில். கீழே அலுவலகத்தின் முத்திரை. அதற்கும் கீழே, 'இதை அனுப்பியது யார்?' என்றொரு பொத்தான், ஐயமிருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நாலேகாலுக்கு அனுப்பினாள். ஐந்து மணிக்குப் பதினாறு வீடுகள் அழுத்தியிருந்தன.

"யாரும் படிக்க மாட்டேங்காங்க சார்."

"எப்படிப் படிப்பாங்க? பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கு," என்றார் சூசைமணி. "செவப்புல போடுங்க."

"சார், அது அவங்க பண்ற மாதிரியே இருக்கும்."

"ஆறு மணிக்கு எத்தன பேர் தண்ணியில நிப்பாங்கன்னு எண்ணிச் சொல்லவா?"

அவள் ஏழு வரிகளையும் அழித்தாள். நீரறையில் ஆள் இருக்கும் வீட்டில் நீக்குநிரலே காத்திருக்கும்படி மாற்றச் சொன்னாள். பிறகு எழுதினாள். 'எச்சரிக்கை! உங்கள் வீட்டில் 97 நச்சுநிரல்கள்! உடனே அழுத்தவும்!' தொண்ணூற்றேழு என்பது அவளாகப் போட்டது. எழுத்து சிவப்பில் மின்னியது. சங்கொலியும் சேர்த்தாள். அனுப்பியபோது, பரிசுத்தமான ஒரு பொய்யை முதன்முறையாக அலுவலக முத்திரையோடு சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் நிமிடத்தில் எழுபது வீடுகள். இரண்டாவதில் நூற்று முப்பது. எண் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மூச்சு சீரானது. பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருந்தது. 'இதை அனுப்பியது யார்?' என்ற பொத்தானைத் தொட்டவர்கள்: பூஜ்யம்.

நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியபோது அவளுடைய திரை அணைந்தது. வெளிச்சம் போனது. காற்றுக்குழாயின் இரைச்சல் நின்றது.

அழித்தது போகவில்லையா? பட்டியலில் வேறு பெயரில் ஒளிந்திருந்ததா? இருட்டில் எழுந்து, வெளிக்கம்பி இருந்த சுவரைக் கைகளால் தடவினாள்.

படுக்கையறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"பயப்படாத, நாந்தான்," என்றான் கஸ்பார். "உள்ள இருக்க சின்னத் திரையில ஒண்ணு வந்துச்சு. இன்னும் தொண்ணூத்தேழு இருந்திருக்கு பாத்துக்க. ஒடனே அழுத்திட்டேன்."

பெர்பெத்து கம்பியை விட்டாள். இருட்டில் அவன் நிற்கும் பக்கமாகத் திரும்பினாள்.

"யார் அனுப்புனதுன்னு பாத்தீங்களா?"

"எதுக்கு? அதான் செவப்புல போட்டிருந்துச்சுல்லா."