கிணற்றில் விட்ட பன்னிரண்டு

வாளியோடு வந்த தவளைக்குள் ஒன்றும் இருக்கவில்லை. கண்ணும் விரல்களும் அப்படியே இருந்தன. கஜந்தி தொட்டதும் அது ஈரக் காலுறைபோல் மடிந்தது. முதுகில் இரண்டு துளைகள் இருந்தன.

டெங்கு பரப்பும் நுளம்புகளைக் கட்டுப்படுத்தும் பிரிவில், அவற்றின் புழுப் பருவமான குடம்பிகளை இனங்காண்பது அவளுடைய வேலை. உப்புவெளி முழுக்க மற்றவர்களின் கிணறுகளில் குறை கண்டு திரிகிறவளின் கிணற்றிலேயே நுளம்புக் குடம்பி நெளிந்தால் ஊர் சிரிக்கும். அதனால்தான் இரண்டு மாதத்துக்கு முன், குளத்தில் பிடித்த நீர்வண்டுக் குடம்பிகள் பன்னிரண்டைக் கணவன் சுகிர்தனுக்குக்கூடச் சொல்லாமல் கிணற்றில் விட்டாள். நுளம்பை அவை தின்று தீர்த்துவிடும். குடிக்கிற தண்ணீராயிற்றே என்று சுகிர்தன் கேட்டால் பதில் சொல்ல அவளால் ஏலாது.

மார்கழி மழை ஓய்ந்த பின்னேரம். கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, புளித்த தேங்காய்த் தண்ணீர் மணம் குசினியில் அடுப்படி முழுக்கப் பரவியிருந்தது, கிணற்றடியில் மோட்டர் தண்ணீர் இழுக்காமல் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. வாளியின் அடியில் கிடந்ததை வெள்ளைத் தட்டில் விரித்தாள். கழற்றிப்போட்ட தோல். ஆறு கால்கள். அரிவாள்போல் வளைந்த இரண்டு தாடைகள். அவற்றுக்குள் ஓடிய துளை வழியாகச் சாற்றை ஏற்றி, இரையை உள்ளுக்குள்ளேயே கரைத்து உறிஞ்சும். அவள் விட்ட அதே இனந்தான். ஆனால் அது சுண்டுவிரலைத் தாண்டி வளராது. தட்டில் கிடந்தது ஒரு முழம் இருந்தது.

மோட்டர் நின்றது. கயிறு உரசியது. தண்ணீர் சளக்கென்றது.

"குழாய் நுனியில இருக்கிற புட்வால்வு அடைச்சிட்டுது," சுகிர்தனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. "நான் இறங்கிட்டன்."

ஓடினாள். அவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்த்தான். அவன் இறங்கிய கலக்கத்தில் விலகிப் போன குடம்பிகள் வால்வழியாக மூச்செடுக்க மேலே வந்திருந்தன. நீர்மட்டத்தில் வால்நுனிகள். ஒன்று. நான்கு. ஒன்பது. பன்னிரண்டு.

"இஞ்சருங்கோ, ஆடாதைங்கோ."

"ஏன்? தண்ணிக்க ஏதும் கிடக்கே?"

அசைகிறதன்மேல்தான் அவை பாயும். கயிறு ஆடினாலே போதும். உண்மையைச் சொன்னால் பதறிப்போவான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது பொய். இந்த நேரத்திலும் அவளுக்கு வெட்கந்தான் பெரிதாக இருந்தது.

"ஒண்டுமில்லை. சும்மா அப்பிடியே நில்லுங்கோ."

"ஓம்," என்றான். அவளை நம்பினான். கண்களை அவள்மேல் வைத்தபடி விரல்கூட அசைக்காமல் நின்றான்.

வாடைக்காற்று எழும்பியது.

"கஜந்தி," என்றான் மெல்ல. "சரியாக் குளிருது."

அவள் வால்நுனிகளை மறுபடி எண்ணினாள்.

அவனுடைய மோவாய் நடுங்கத் தொடங்கியது. தண்ணீரில் சின்ன வளையம் ஒன்று விரிந்தது. வால்நுனிகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின.