தொண்ணூற்றெட்டு சதவீதம்

வேலை முடிந்து நாலரை மணிக்கு வீடு திரும்பினேன். செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டது. டிவிக்குக் கீழே இருக்கும் ரெக்கார்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு. எதுவோ பதிவாகிக்கொண்டிருந்தது.

மனைவி இறந்துபோன பிறகு இந்த நாலு மாதத்தில் நான் எதையும் பதிவு செய்யவில்லை. பெட்டி நிறைந்தால் இருப்பதிலேயே பழையதை அதுவே அழித்துவிடும். இருப்பதிலேயே பழையது, காய்ச்சல் பரவிய சமயம் நர்ஸாக இருந்த அவள் செய்தியில் பேசிய ஐந்து நிமிடம். அவள் குரல் மிஞ்சியிருப்பது அதில் மட்டும்தான். அதை வேறு எதிலும் ஏற்ற முடியாது. ஒருமுறை திரைக்கு எதிரே செல்போனைப் பிடித்துப் படமெடுத்துப் பார்த்தேன். உதடு அசைந்தது. குரல் விழவில்லை.

திரையில் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு சதவீதம் நிறைந்திருந்தது.

தங்கைக்கு போன் செய்தேன்.

"அண்ணி சீரியலுக்குப் போட்டு வெச்ச டைமரா இருக்கும்ணா. எடுத்து விடு. அவங்க இருந்தப்பவே ரிமோட் உன் கைக்கு வந்ததில்ல, இப்ப மட்டும் வந்துடுமா?"

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

டைமரை எடுத்தேன். மனசே இல்லாமல் அவளுடைய சீரியலில் இருபது பகுதிகளை அழித்தேன். எழுபதுக்கு இறங்கியது.

மறுநாள் நாலரை மணி. கதவைத் திறந்தேன்.

சிவப்பு விளக்கு.

தொண்ணூற்றொன்பது.

"அந்த சீரியல் போன மாசமே முடிஞ்சிடுச்சேண்ணா," என்றாள் தங்கை. இம்முறை சிரிக்கவில்லை. "நீ முதல்ல வெளிய வா."

போனை வைத்தேன். ரிமோட்டில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். மின்விசிறி சுற்றும் சத்தத்துக்கு அடியில், பெட்டி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்மா," என்றேன் காலி அறையைப் பார்த்து. "உன் குரல் போயிடும்."

நூறு.

திரையில் பதிவுகளின் பட்டியலில் கடைசி வரி, அவள் பேசிய ஐந்து நிமிடம், அழிந்தது.

விளக்கு அணைந்தது. பட்டியலின் மேலே தலைப்பில்லாத ஒரு புதிய பதிவு இருந்தது. போட்டேன்.

கறுப்புத் திரை. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் குரல். டிவி பார்க்கும்போது பாதியில் எழுந்து சமையலறைக்குப் போகையில் தினமும் சொல்வது, அதே அவசரத்தோடு:

"நிறுத்தி வைங்க, இதோ வந்துட்டேன்."

திரையின் நடுவில் இரண்டு கோடுகள் தோன்றின. படம் நின்றது.

ரிமோட் என் கையில் இல்லை. சோபாவில், அவள் உட்காரும் பக்கம் கிடந்தது.

இந்தப் பெட்டியில் படத்தை முப்பது நிமிடம்தான் நிறுத்தி வைக்க முடியும். அதற்குமேல் தானாகவே ஓடும்.

இருபத்தொன்பது நிமிடம் ஆகிறது.

சமையலறையில் இப்போதுதான் யாரோ குழாயை மூடினார்கள்.